நாலு விழுந்தால் போதும்

குமரகுருபரன் தோள்பையிலிருந்து அந்தப் புத்தகத்தை எடுத்து வைத்தபோது ஹெப்ரானுக்கு முதலில் சந்தோசம்தான் வந்தது, பாவம். திருநெல்வேலிச் சீமையிலேயே அந்தப் புத்தகம் தன் ஒருத்தனிடம்தான் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தவன் அவன். அதே கோட்டை போட்ட அட்டை, அதே இரும்புச் சட்டை மாட்டிய குதிரைவீரன். நம்மைப் போலவே இன்னொரு கிறுக்கனும் ஊருக்குள் வந்துவிட்டான் என்று மனசுக்குள் சிரித்துக்கொண்டான். கையில் இருந்த டீ ஆறுவதற்குள் அந்தச் சிரிப்பு போய்விட்டது.

"சார், உங்க தாள்ல ஒரு எடத்துல தப்பு இருக்கு" என்றான் குமரகுருபரன். கோயம்புத்தூரில் படித்துவிட்டு இங்கே வேலைக்கு வந்து சேர்ந்திருக்கிற இன்ஜினியர் பையன், ரொம்ப மரியாதையாகத்தான் சொன்னான். "தூரத்துல இருந்து விடுற அம்புக்குக் கட்டையில அஞ்சு விழணும்னு புஸ்தகத்துல இருக்கு. நீங்க நாலு விழுந்தா போதும்னு போட்டிருக்கீங்க."

என்ன தாள், என்ன அம்பு என்று சொல்லிவிட வேண்டும். பாளையங்கோட்டை சமாதானபுரத்தில் கணக்கு வாத்தியார் சிவசண்முகத்தின் டியூசன் மாடி. சனிக்கிழமை மத்தியானம் பிள்ளைகள் போனதும் பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்டுப் பச்சைத் துணி விரித்து அங்கே யுத்தம் நடக்கும். கட்டைவிரல் உயரத்துக்கு மர வீரர்கள்; அம்பாசமுத்திரத்தில் சொப்புச் சாமான் கடைகிறவரிடம் சொல்லிக் கடைந்து வாங்கி, அவரவரே பெயின்ட் அடித்தது. நடுவில் வளைந்து கிடக்கிற நீலத் துணிதான் தாமிரபரணி. குதிரை எவ்வளவு ஓடலாம் என்று ஸ்கேல் வைத்து அளப்பார்கள். அம்பு பட்டதா இல்லையா என்று லூடோவுக்கு உருட்டுகிற சின்னக் கட்டையை உருட்டிப் பார்ப்பார்கள். வாளும் வில்லும் குதிரையுமாக மன்னர்கள் மோதிக்கொண்ட காலத்துச் சண்டை. சட்டம் வெள்ளைக்காரன் எழுதியது, போர்க்களம் நம்ம ஊர். ஒரு மாதம் முக்கூடல் போர் என்பார்கள், ஒரு மாதம் ஆழ்வார்குறிச்சி முற்றுகை என்பார்கள். இதெல்லாம் எந்தச் சரித்திரத்தில் இருக்கிறது என்று யாராவது கேட்டால், நம்ம மாடிச் சரித்திரத்தில் என்று சிவசண்முகம் சொல்லுவார்.

சட்டப் புத்தகத்தைக் கப்பலில் வேலை பார்க்கிற மைத்துனன் அருமைநாயகம் ஹெப்ரானுக்கு வாங்கி வந்து கொடுத்திருந்தான். தடிமனான புத்தகம், பொடி எழுத்து இங்கிலீஷ். ஒரு அம்பு விடுவதற்கு ஒன்பது பக்கம் புரட்ட வேண்டும். அந்த லட்சணத்தில் விளையாடினால் ஒரு சண்டை முடிய ஒரு தீபாவளி ஆகும். ஹெப்ரான்தான் மொத்தத்தையும் படித்து, சாறு பிழிந்து, ஒரே தாளில் முன்னும் பின்னுமாகத் தமிழில் எழுதினான். வில் எவ்வளவு தூரம் பாயும், சேற்றில் குதிரை எத்தனை அங்குலம் ஓடும், எப்போது படை பயந்து ஓடும், எல்லாம் அதில் கட்டம் கட்டமாக இருக்கும். பள்ளிக்கூட ஆபீசில் டைப்பிஸ்டாக இருக்கிற அவன் மனைவி பியூலா வீட்டிலிருந்த தமிழ் மிஷினில் அதை அடித்துக் கொடுப்பாள். ஜெராக்ஸ் எடுத்து, பிளாஸ்டிக் உறை போட்டு ஆளுக்கு ஒன்று. என்ன தகராறு வந்தாலும் "தாளைப் பாருவே" என்ற ஒரே சொல்லில் தீர்ந்துபோகும்.

இன்சூரன்ஸ் ஆபீசில் பத்தோடு பதினொன்றாகக் குப்பை கொட்டுகிறவனுக்கு இதைவிடப் பெருமை வேறென்ன வேண்டும்? ஹெப்ரான் பொய் சொல்லமாட்டான், ஹெப்ரான் தாளில் இருந்தால் அது சரிதான் என்று நண்பர்கள் சொல்லுவார்கள். அந்தப் பேரை அவன் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிவான்.

அதனால்தான் குமரகுருபரன் சொன்னதும் அவன் சிரித்தான். ரெண்டாம் பதிப்பில் மாற்றிவிட்டார்கள், உன்னுடையது பழைய புத்தகமாக இருக்கும் என்று பெரிய மனுசத் தோரணையில் சொன்னான். இதுவும் ரெண்டாம் பதிப்புதான் சார் என்று பையன் பக்கத்தை விரித்துக் காட்டினான். ஹெப்ரான் குனிந்து பார்த்தான். அஞ்சு என்றுதான் இருந்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுப் பார்த்தான். அப்போதும் அஞ்சுதான்.

"இன்னும் ரெண்டு எடம் இருக்கு சார்" என்றான் பையன், இப்போது கொஞ்சம் தயங்கி. சேற்றில் குதிரை ஆறு அங்குலம் ஓடலாம் என்று புத்தகம் சொல்கிறது, தாளில் நாலு. ஆள் விழுந்தபிறகு வில்படை ஓடாமல் நிற்பதற்கு நாலு விழவேண்டும் என்று புத்தகம் சொல்கிறது, தாளில் மூணு. மூன்று தப்பும் வில்படைக்குச் சாதகம். அந்த மாடியில் எப்போதும் வில்படையை எடுத்து விளையாடுகிறவன் யார் என்பதை யாரும் வாய்விட்டுச் சொல்லத் தேவையில்லை. ரெண்டு வருசமாக அநேகமாக ஒவ்வொரு சண்டையிலும் ஜெயித்தவன் யார் என்பதையும்தான்.

ஹெப்ரான் தலையை நிமிர்த்தினான். நண்பர்களைப் பார்த்தான். மேலப்பாளையத்தில் ஜவுளிக்கடை வைத்திருக்கிற நூர்முகம்மது டீ கிளாசுக்குள் எதையோ தேடுகிறவரைப்போலக் குனிந்திருந்தார். சிவசண்முகம் குதிரைவீரர்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பெட்டியில் அடுக்க ஆரம்பித்துவிட்டார். ஒருத்தராவது, ஏதோ கை தவறியிருக்கும்வே என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

"எனக்கு ஒண்ணும் தெரியாதுவே" என்றான் ஹெப்ரான். அவன் குரல் அவனுக்கே கள்ளன் குரலாகக் கேட்டது.

"சரிவே, இன்னைக்கு இது போதும்" என்றார் சிவசண்முகம். அவ்வளவுதான். ரெண்டு வருசப் பெயர் மாடிப்படி இறங்குவதற்குள் போய்விட்டது.

குலவணிகர்புரம் ரயில்வே கேட் அடைத்திருந்தது. வண்டியை நிறுத்திவிட்டு வெயிலில் நின்றான். மர பொம்மையை வைத்து விளையாடுகிற விளையாட்டில் கள்ளாட்டம் ஆடினான் என்று ஒருத்தனுக்குப் பேர் வந்தால் அதைவிடக் கேவலம் உண்டா? ஆபீசில் கையாடல் செய்தவனைக்கூட, அவனுக்கு என்ன கஷ்டமோ என்று நாலு பேர் பரிதாபப்படுவார்கள். இதற்கு யார் பரிதாபப்படுவார்கள்? காறித்தான் துப்புவார்கள். அடுத்த சனிக்கிழமை எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு அந்த மாடி ஏறுவது என்று நினைத்தபோது அவனுக்கு நிஜமாகவே அழுகை வந்தது. ஏறாமல் இருந்தாலோ, பார்த்தியா ஓடிவிட்டான் என்றாகிவிடும்.

ஒரே ஒரு வழி இருந்தது. டைப் அடிக்கக் கொடுக்குமுன் பென்சிலில் எழுதிய மூலத்தாள் வீட்டில் இருக்கிறது. அதில் அவன் கையாலேயே நாலு என்று தப்பாக எழுதியிருந்தால், அது கவனப்பிசகு. அந்தத் தாளைக் கொண்டுபோய் எல்லார் முன்னாலும் போட்டு, பாருங்கவே, முட்டாள்தனம்தான், கள்ளத்தனம் இல்லை என்று சொல்லிவிடலாம். தான் முட்டாளாக இருக்கவேண்டும் என்று கர்த்தரிடம் வேண்டிக்கொண்டே வண்டியை மிதித்துக் கிளப்பினான்.

வீட்டுக் கேட்டை அவன் தள்ளிய தள்ளில் அது சுவரில் போய் மோதித் திரும்பி வந்தது. பின்கட்டில் மகள் ஸ்டெபியின் தாவணி முனை தெரிந்து மறைந்தது. பக்கத்து வீட்டுச் சந்தனமாரி மகளோடு சேர்ந்து படிக்கப் போகிறாள். பிளஸ் டூ அல்லவா. ஹெப்ரான் நேரே பீரோவைத் திறந்து ஃபைலை இழுத்தான். காகிதமெல்லாம் தரையில் கொட்டியது.

மூலத்தாள் கிடைத்தது. அவன் கையெழுத்து, முத்து முத்தாக. தூர அம்புக்கு அஞ்சு. சேற்றுக் குதிரைக்கு ஆறு. படை நிற்பதற்கு நாலு. மூன்றும் சரியாக இருந்தன.

தான் எழுதியது சரியாக இருக்கிறதே என்று ஒரு மனுசன் தலையில் கைவைத்து உட்கார்ந்ததை அன்றைக்குத்தான் அந்த வீடு பார்த்தது. பிறகுதான் அவனுக்குச் சட்டென்று உறைத்தது. அட, அப்படியென்றால் டைப் அடித்ததில் அல்லவா தப்பு! போன உயிர் திரும்பி வந்தது. பியூலா என்று கூப்பிட்டான். அவள் காபியோடு வந்து, பீங்கான் கோப்பையை மேசையில் அவன் கையருகே வைத்தாள்.

"டைப் அடிக்கும்போது மூணு எடத்துல தப்பா அடிச்சிருக்கே, பாத்தியா?" என்றான். கோபமே இல்லை. கிட்டத்தட்டக் கொஞ்சலாகக் கேட்டான். ஆமாங்க, கை தவறிருச்சு என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும், அவன் மானம் தப்பிவிடும்.

பியூலா தாளையும் பார்க்கவில்லை, அவனையும் பார்க்கவில்லை. முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"தப்பு இல்லங்க. தெரிஞ்சுதான் அடிச்சேன்."

அந்த விளையாட்டை அவள் கண்ணால் பார்த்ததுகூடக் கிடையாது. சிலுவைக்கடியில் ஆண்டவரின் அங்கிக்காகச் சேவகர்கள் சீட்டுப் போட்டார்கள் அல்லவா, அதனால் உருட்டுகிற சாமான் எதுவும் வீட்டுக்குள் வரக்கூடாது என்பது செத்துப்போன அவன் தாயார் சாரம்மாள் போட்ட சட்டம். கட்டையும் வரவில்லை, வீரர்களும் வரவில்லை. வில் எது ஈட்டி எது என்று தெரியாதவள், எந்த எண்ணை மாற்றினால் தன் புருசன் ஜெயிப்பான் என்று எப்படிக் கண்டுபிடித்தாள்?

அவள் சொன்னாள். ஒவ்வொரு சனிக்கிழமையும் அவன்தானே சொல்லுவான்? தோற்றுவிட்டு வந்து கத்தும்போது, நாலு நாலாக விழுகிறது, அஞ்சு விழமாட்டேன் என்கிறது, நாலு விழுந்தால் போதும் என்று வைத்தால் அந்த வெள்ளைக்காரன் குடியா முழுகிவிடும் என்று கத்தினான். கத்திக்கொண்டே ஷோகேஸ் கண்ணாடியில் டிரான்சிஸ்டரைத் தூக்கி எறிந்தான். அந்த வாரந்தான் ரெண்டாம் பதிப்பைப் பார்த்துப் புதுத் தாள் எழுதி அவளிடம் கொடுத்திருந்தான். அஞ்சு என்று இருந்த இடத்தில் நாலு என்று அடித்துவிட்டாள். அடுத்த சனிக்கிழமை பாட்டுப் பாடிக்கொண்டு வீட்டுக்கு வந்தான். பிறகு ஒரு கிறிஸ்துமஸ் சமயத்தில், சேற்று வயலில் எந்த ஊர்க் குதிரை இப்படிப் பாய்ந்து வரும் என்று கேட்டுக்கொண்டே அவள் அண்ணன் கொண்டுவந்த பீங்கான் தட்டுகளை உடைத்தான். தாள் நைந்துவிட்டது, திரும்ப அடி என்று அவன் கொடுத்தபோது குதிரையைக் குறைத்தாள். மூன்றாவதும் அப்படித்தான். என் ஆட்கள் ஓடாமல் நின்றிருந்தால் ஜெயித்திருப்பேன் என்று அவன் சொன்னான், அவள் நிற்க வைத்துவிட்டாள்.

"அதுக்குப் பொறவு வீட்டுல ஒண்ணும் உடையல்லங்க" என்றாள் பியூலா. ஒரு நல்ல செய்தியைச் சொல்லுகிறவளைப்போலத்தான் சொன்னாள்.

ஹெப்ரானுக்குக் காது அடைத்துவிட்டது. ரெண்டு வருச வெற்றி! முக்கூடலில் ஆற்றைக் கடந்து வந்த குதிரைப்படையை அம்பாலேயே மடக்கினானே, அதை எத்தனை பேரிடம் சொல்லிச் சொல்லி மகிழ்ந்திருப்பான். அதெல்லாம் இவள் அடுப்படிக்கும் டைப் மிஷினுக்கும் நடுவில் நடத்தி வைத்ததா? கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. கையை ஓங்கி மேசையில் அறையப் போனான். அப்போது பார்த்தான். பியூலா பேச்சை நிறுத்தவில்லை, முகமும் மாறவில்லை. அவள் கை மட்டும் தன்பாட்டில் நீண்டு அந்தக் காபிக் கோப்பையை மேசையின் மறுபக்கத்துக்கு நகர்த்தி வைத்தது. அவளுக்கே அது தெரிந்திருக்காது. அப்படிப் பழகிப்போன கை.

ஓங்கிய கை அப்படியே நின்றது. தன் கையை அவன் வேறு யாருடைய கையையோ பார்ப்பதுபோலப் பார்த்தான்.

"நான் உன்னைய ஒரு நாளாவது அடிச்சிருக்கேனா?" என்று கேட்டான்.

"இல்லங்க" என்றாள் அவள். "அடுத்தது நாந்தானோன்னு பாத்துக்கிட்டே இருந்தேன்."

அந்த வாரம் முழுக்க ஹெப்ரான் பேயறைந்தவன் போலத் திரிந்தான். ஆபீசில் கூப்பிட்டால் காதில் விழவில்லை. டிரான்சிஸ்டர் ரிப்பேரானதாகத்தான் அவன் ஞாபகத்தில் இருந்தது. எறிந்தது ஞாபகத்தில் இல்லை. தட்டுகள் கை தவறி விழுந்ததாகத்தான் நினைத்திருந்தான். சந்தனமாரி வீட்டுக்கு ஸ்டெபி படிக்கப் போவதாகத்தான் நினைத்திருந்தான். கேட் சத்தம் கேட்டதும் ஓடுகிறாள் என்பது அவனுக்குத் தெரிந்தால்தானே? பியூலா அதையும் சொல்லிவிட்டாள். இத்தனை நாள் கழித்து வாய் திறந்தவள், பாதியில் நிறுத்தவில்லை.

அவளே ஒரு வழியும் சொன்னாள். டைப்பில் தப்பு வந்துவிட்டது, பொம்பளை கவனமில்லாமல் அடித்துவிட்டாள் என்று சொல்லிவிடுங்கள், எனக்கு ஒன்றும் குறைந்துவிடாது என்றாள். சொல்லியிருக்கலாம். நம்பியும் இருப்பார்கள். கள்ளன் பட்டம் ஒரு நொடியில் போய்விடும். ஆனால் மூன்று தப்பும் எப்படி வில்படைக்கே சாதகமாக விழுந்தன என்று கணக்கு வாத்தியார் யோசிக்கமாட்டாரா? அதையெல்லாம்விட, இவள்மேல் பழியைப் போட்டுவிட்டு எப்படித் திரும்பி வந்து இவள் போடுகிற சோற்றைத் தின்பது? நிஜத்தைச் சொன்னாலோ, வீட்டில் என்ன செய்தான் என்பதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். ஒரு பக்கம் கள்ளன், இன்னொரு பக்கம் பெண்டாட்டி பிள்ளையை நடுங்க வைத்தவன். எந்தப் பேரை எடுத்துக்கொள்வது என்று அவன் ராப்பகலாகக் குழம்பினான்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் மிஷினைத் துடைத்து வைத்து, புதுத் தாள் அடிக்க வேண்டும் என்று பியூலாவிடம் சொன்னான். அவள் அடிக்க அடிக்க, பக்கத்தில் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு எண்ணையும் விரல் வைத்துச் சரிபார்த்தான். இத்தனை வருசத்தில் அதுதான் முதல் தடவை. தனக்குச் சாதகமாக இருக்கிற எண்ணை எவன் சரிபார்க்கிறான்? தூர அம்புக்கு அஞ்சு என்று அடிக்கும்போது பியூலாவின் விரல் கொஞ்சம் தயங்கியது.

சனிக்கிழமை மாடி ஏறியபோது மூன்று பேரும் இருந்தார்கள். ஹெப்ரான் உட்காரவில்லை. புதுத் தாள்களை மேசையில் வைத்துவிட்டு, நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னான். டைப் அடித்தது பியூலா, மாற்றியது அவள்தான், ஆனால் மாற்ற வைத்தது நான் என்றான். டிரான்சிஸ்டர், தட்டு, மகள் ஓடியது எல்லாம் சொன்னான். இனி இந்த மாடியில் தனக்கு இடமில்லை என்று தெரிந்துதான் சொன்னான். இவர்கள் திட்டட்டும், துப்பட்டும், ஆனால் கள்ளாட்டம் ஆடியவன் என்று மட்டும் நினைக்காமல் இருக்கட்டும்.

குமரகுருபரன் ஒருத்தன்தான் திகைத்துப்போய் வாயில் கைவைத்துக்கொண்டான். மற்ற ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். சிவசண்முகம் தொண்டையைச் செருமினார்.

"எங்களுக்குத் தெரியும்வே" என்றார்.

ஹெப்ரானுக்குப் புரியவில்லை. என்ன தெரியும் என்று கேட்டான்.

தாள் தப்பு என்று தெரியும் என்றார் அவர். புதுத் தாள் வந்த முதல் சனிக்கிழமையே தெரியும். கணக்கு வாத்தியார் அல்லவா? அஞ்சுக்குப் பதில் நாலு விழுந்தால் போதும் என்றால் அம்பு எத்தனை மடங்கு படும் என்று அவருக்குத் தெரியாதா? பழைய தாளில் அஞ்சு இருந்தது நூர்முகம்மதுவுக்கும் ஞாபகம் இருந்தது. ரெண்டு பேரும் டீக்கடையில் நின்று பேசினார்களாம். ஹெப்ரானிடம் கேட்டுவிடலாமா என்று யோசித்தார்களாம். கேட்க வேண்டாம் என்று முடிவு செய்தார்களாம்.

"ஏன்வே?" என்றான் ஹெப்ரான். "அப்ப நான் கள்ளாட்டம் ஆடுதேன்னு நெனச்சீயளா?"

"அப்படி நெனைக்கல்ல" என்றார் நூர்முகம்மது. அவர் எப்போதுமே பையத்தான் பேசுவார். "நீரு தோத்தா எப்படி இருப்பீர்னு எங்களுக்குத் தெரியும்லா. ஒரு தடவ என் கையில இருந்த ஸ்கேலப் புடுங்கி முறிச்சீரு. அதுல என் வெரலு கிழிஞ்சு போச்சு. ஞாபகம் இருக்கா?"

இல்லை. சத்தியமாக இல்லை. நூர்முகம்மது ஆள்காட்டி விரலை நீட்டினார். நகத்துக்குக் கீழே வெள்ளையாக ஒரு கோடு இருந்தது. ரெண்டு வருசமாக அந்த விரலுக்கு எதிரே உட்கார்ந்து டீ குடித்திருக்கிறான், ஒரு நாள்கூட அவன் கண்ணில் படவில்லை. ஹெப்ரான் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டான்.

சிவசண்முகம் மீதியைச் சொன்னார். தோற்பது அவர்களுக்கு ஒரு பெரிய விசயமாகவே இல்லை. வாரத்தில் ஒரு மத்தியானம் சேர்ந்து உட்காருவது போதும். நாலு என்றே இருக்கட்டும் என்று விட்டுவிட்டார்கள். போன வாரம் இந்தப் பையன் புத்தகத்தை விரித்தபோதுதான் அவர்களுக்குத் திக்கென்று ஆகிவிட்டதாம். தலையைக் குனிந்துகொண்டது ஹெப்ரானைச் சந்தேகப்பட்டு அல்ல, இப்போது எதைத் தூக்கி எறியப் போகிறானோ என்று பயந்து. குதிரைவீரர்களை அவசரமாகப் பெட்டியில் போட்டது, உடைந்துவிடக் கூடாதே என்று.

கள்ளன் என்று நினைத்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது. வீட்டில் ஒருத்தி ரகசியமாக எண்ணை மாற்றுகிறாள், மாடியில் ரெண்டு பேர் தெரிந்தே தோற்கிறார்கள், நடுவில் இவன் மட்டும் தளபதி! வெட்கத்தில் அவன் முகமெல்லாம் எரிந்தது.

"இன்னைக்குச் சரியான தாள்ல ஆடுவோம்வே" என்றான் கடைசியில். யாரும் மறுக்கவில்லை. ஸ்ரீவைகுண்டம் அணைப் போர் என்று பேர் வைத்து ஆரம்பித்தார்கள். ஹெப்ரானுக்கு வழக்கம்போல வில்படை, அணைக்கட்டின் மேல். எதிரே சிவசண்முகத்தின் குதிரைகள். ஹெப்ரான் உருட்டினான், நாலு விழுந்தது. திரும்ப உருட்டினான், நாலு. குதிரைகள் சேற்றில் ஆறு ஆறு அங்குலமாக முன்னேறி வந்தன. வில்வீரர்கள் சரிந்தார்கள், மீதிப்பேர் ஓடினார்கள். சாயங்காலத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. இவ்வளவு சுத்தமாகத் தோற்க முடியும் என்பதையே அவன் மறந்துபோயிருந்தான்.

அந்தக் கோபம் வராமல் இல்லை. அடிவயிற்றிலிருந்து சூடாகக் கிளம்பி வந்தது, பழைய சிநேகிதன் மாதிரி. ஸ்கேல் அவன் கையில் இருந்தது. மூன்று பேருடைய கண்ணும் அந்த ஸ்கேலில் இருந்தது. நூர்முகம்மதுவின் கை மெதுவாக மேசையிலிருந்து இறங்கி மடிக்குள் போனது. ஹெப்ரான் பல்லைக் கடித்துக்கொண்டு ஸ்கேலைப் பைய மேசைமேல் வைத்தான். நல்லா ஆடினீருவே என்று சிவசண்முகத்திடம் சொன்னான்.

வீடு திரும்பும்போது ரயில்வே கேட் திறந்திருந்தது. தோற்றுவிட்டு இவ்வளவு சமாதானமாக அவன் அந்த ரோட்டில் வந்ததே இல்லை. இன்றைக்கு அவர்களுக்குக் காட்டிவிட வேண்டும் என்று நினைத்தான். கத்தமாட்டேன், சிரித்துக்கொண்டே தோற்ற கதையைச் சொல்லுவேன், ஸ்டெபியைக் கூப்பிட்டு உட்காரவைத்து அதையும் இதையும் பேசுவேன். வீட்டுக் கேட்டைச் சத்தமே இல்லாமல் திறந்து, சத்தமே இல்லாமல் கொக்கி போட்டான். முன்வீட்டில் அதைக் கேட்க யாரும் இல்லை.

ஸ்டெபியின் மேசை காலியாக இருந்தது, புத்தகங்களோடு மத்தியானமே சந்தனமாரி வீட்டுக்குப் போயிருந்தாள். புது ஷோகேஸ் கண்ணாடிமேல் போர்வை தொங்கியது. மேசையிலிருந்த டைம்பீசைக் காணோம். அடுப்படி அலமாரியில் பீங்கான் கோப்பைகள் இருந்த தட்டு வெறுமையாக இருந்தது. அண்ணாந்து பார்த்தான், பரண்மேல் ஒரு அட்டைப்பெட்டி கயிறு போட்டுக் கட்டியிருந்தது. சரியான தாளை அடித்துக் கொடுத்தவளுக்கு, இன்றைக்கு என்ன நடக்கும் என்று தெரியாதா?

பியூலா காபி கொண்டுவந்து அவன் முன்னால் வைத்தாள். எவர்சில்வர் தம்ளர். ஹெப்ரான் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

"தோத்துட்டேன் பியூலா" என்றான். "ஆனா ஒண்ணும் செய்யல்ல. சத்தங்கூடப் போடல்ல."

"நல்லதுங்க" என்றாள் அவள். ஆனால் பக்கத்தில் உட்காரவில்லை, கதவோரத்திலேயே நின்றாள்.

அந்தக் கோப்பையை எடேன், அதுல குடிக்கேன் என்றான் அவன்.

பியூலா பரணை ஒரு தடவை பார்த்தாள், அவனை ஒரு தடவை பார்த்தாள்.

"இன்னைக்கு வேண்டாங்க" என்றாள். "அடுத்த வாரமும் தோத்துட்டு வாங்க, பாத்துக்கிடலாம்."

ஹெப்ரான் தலையை ஆட்டினான். தம்ளர் சுட்டது. அதை ரெண்டு கையாலும் பிடித்துக்கொண்டு காபியைக் குடித்து முடித்தான்.